எங்கள் தெரு மரத்துக்கு ஒரு பெயர்ப்பலகை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சென்னை அயனாவரத்தில் நாற்பது ஆண்டுகளாகக் குடியிருப்பவன். 1984-ல் தொலைபேசித் துறையில் மஸ்தூராக, அதாவது தொழிலாளியாகச் சேர்ந்து, லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று உங்கள் நாளிதழுக்கு முன்பு இரண்டு கடிதங்கள் எழுதியிருக்கிறேன். இந்த முறை எழுதுவது ஒரு மரத்தைப் பற்றி. கடிதம் கொஞ்சம் நீளம்தான். நடந்ததை முழுசாகச் சொன்னால்தான் நான் எதைக் கேட்கிறேன் என்பது விளங்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் தெருக்கோடியில் முன்பு ஒரு பழைய பங்களா இருந்தது. அதை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டினார்கள். மதில் சுவரை உள்ளே தள்ளிக் கட்டியதில், தோட்டத்து மூலையில் நின்ற மரம் ஒன்று நடைபாதைக்கு வந்துவிட்டது. மூன்று மாடி உயரம் இருக்கும். அடியில் ஒரு இஸ்திரி வண்டி, இரண்டு ஆட்டோ, மதியத்தில் சாப்பாட்டு டப்பா திறக்கும் டெலிவரி பையன்கள். அத்தனை பேருக்கும் அதுதான் நிழல். அதன் கிளைகளிலிருந்து ஆள் உயரத்துக்குக் கயிறு கயிறாகத் தொங்கும். ஒவ்வொரு கயிற்றின் முனையிலும் சுரைக்காய் மாதிரி, சாம்பல் நிறத்தில் ஒரு காய். பிள்ளைகள் அதைச் சுரைக்காய் மரம் என்பார்கள். பெரியவர்கள் எந்தப் பெயரும் சொன்னதில்லை.

போன வைகாசியில் ஒரு நாள் காலை ஆறு மணி இருக்கும், அந்தக் காய்களில் ஒன்று நின்றுகொண்டிருந்த ஆட்டோவின் மேல் விழுந்தது. ரெக்ஸின் கிழிந்து, மேல்கம்பி வளைந்துவிட்டது. நல்லவேளை, ஆட்டோக்காரத் தம்பி அப்போது டீ குடிக்கப் போயிருந்தார். காய்கறி வண்டித் தராசில் காயை வைத்துப் பார்த்தோம். நாலரைக் கிலோ. நீளம் ஒன்றரை அடிக்கு மேலேயே இருந்தது.

அன்றைக்கே மரத்தடியில் கூட்டம் கூடிவிட்டது. "இது பேய்ச்சுரை, விஷம், முதலில் வெட்டுங்க" என்றார் ஒருவர். "அரசாங்கமே தடை பண்ணின மரம் சார் இது, பேப்பர்ல வந்துச்சே" என்றார் இன்னொருவர். மூன்றாவது ஒருவர் இருந்தார், பக்கத்துத் தெருக்காரர். அவர் எதுவும் பேசவில்லை. விழுந்த காயைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். என்னவென்று கேட்டதற்கு, கிட்னியில் கல் இருக்கிறது, இந்தக் காயைக் காயவைத்துக் கஷாயம் போட்டுக் குடித்தால் கரையும் என்று வடநாட்டுக்காரர் ஒருவர் சொன்னார் என்றார்.

ஒரே மரம். ஒருவருக்கு விஷம், ஒருவருக்குத் தடை செய்யப்பட்டது, ஒருவருக்கு மருந்து. அதன் பெயர் மட்டும் அங்கே நின்ற முப்பது பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. இஸ்திரி போடும் அம்மா என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்கதான் எல்லா மரத்துலயும் ஏறி இறங்கினவரு. இது என்ன மரம்னு கேட்டுச் சொல்லுங்க. வெட்டிட்டா நான் வண்டியை எங்க கொண்டுபோய் நிறுத்துவேன்?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். முப்பத்தைந்து வருஷம் ஏணியும் டிராப் வயர் சுருளும் தோளில் போட்டுக்கொண்டு கீழ்ப்பாக்கம், புரசைவாக்கம், ஓட்டேரி என்று சுற்றியவன் நான். ஓவர்ஹெட் லைன் காலத்தில் லைன்மேன் வேலையில் பாதி மரத்தோடுதான். முருங்கையில் கால் வைக்கக் கூடாது. வேம்பு ஆளைத் தாங்கும். தூங்குமூஞ்சியில் காற்றே இல்லாத மத்தியானத்தில்கூடக் கிளை முறிந்து விழும். மாமரத்தில் ஏறுவதற்கு முன் முசுறுக் கூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மரங்களை எனக்கு அப்படித்தான் தெரியும், எது தாங்கும், எது முறியும் என்று. இந்த மரத்திலும் ஏறியிருக்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பங்களாவுக்குப் போகும் வயரில் உரசுகிறது என்று தெருப்பக்கக் கிளை ஒன்றை நானே அறுத்துத் தள்ளினேன். அந்த வடு இன்றும் இருக்கிறது, பட்டை சுற்றி வளர்ந்து பாதி மூடி, ஒரு காது மாதிரி. அன்றைக்கு எனக்கு வயர் மட்டும்தான் கண்ணில் பட்டது. இது என்ன மரம் என்று அந்த வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த வருத்தமும் சேர்ந்துதான் இதில் இறங்கினேன்.

கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. முதலில் பேத்தி கைப்பேசியில் படம் எடுத்துப் பார்த்தாள். இலையைக் காட்டினால் ஒரு பெயர் வந்தது. பட்டையைக் காட்டினால் இன்னொன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மரங்கள். காயைக் காட்டியபோதுதான் "சாஸேஜ் மரம்" என்று வந்தது. அதை அப்படியே நம்பிவிட எனக்கு மனம் வரவில்லை. மூன்றில் ஒன்றுதான் சரி என்றால், எந்த ஒன்று? ஃபால்ட் எங்கே என்று தேடும்போது, கம்பம் கம்பமாகப் பார்த்துத்தான் முடிவுக்கு வருவோம். அதே மாதிரி இதையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

இலை. ஒரு காம்பில் எதிரெதிராக, மொத்தம் ஏழோ ஒன்பதோ சிற்றிலைகள். நுனியில் ஒன்று தனியாக. கெட்டியாக, தொட்டால் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். தடை செய்யப்பட்ட மரம் என்றாரே, அது கோனோகார்பஸ். அதை நடக் கூடாது என்று தமிழக அரசு 2025-ல் உத்தரவு போட்டது உண்மைதான். ஆனால் கோனோகார்பஸின் இலை கூட்டிலை இல்லை. ஒற்றை ஒற்றையாக, ஒடுக்கமாக இருக்கும். அதன் காய் பட்டாணி அளவுக்குச் சின்ன உருண்டை. அடுக்குமாடி வாசல்களில் வேலியாக வரிசையாக நட்டிருக்கிறார்களே, அது. இரண்டு இலையையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், அந்த நண்பரே ஒத்துக்கொண்டார். இரண்டு இலையைப் பறித்து வைத்தால் தீர்கிற சந்தேகம் ஒரு மரத்தின் தலையெழுத்தாக இருந்திருக்கும்.

அப்புறம் காய். மழையில் விழுந்த ஒன்றை எடுத்துவந்து ஆக்ஸா பிளேடால் குறுக்கே அறுத்தேன். கத்தி இறங்காது, மரக்கட்டை மாதிரி. உள்ளே முற்றிய பீர்க்கங்காய் போல நார், நாருக்கு நடுவே பொதிந்து பொதிந்து விதைகள். சுரைக்காயாக இருந்தால் கொடியில் அல்லவா காய்க்க வேண்டும்? காய் தொங்கும் கயிற்றையும் இழுத்துப் பார்த்தேன். என் முழு பலத்துக்கும் அது அசையவில்லை. கொடி கிடையாது, காம்புதான். பூ பூத்த காம்பே காய் கனக்கக் கனக்க இறுகி இப்படி ஆகிறது.

பூவைத்தான் நான் அத்தனை வருஷத்தில் பார்த்ததே இல்லை. விடியற்காலையில் பொத் பொத்தென்று விழும். தெரு கூட்டுகிறவர்கள் ஏழு மணிக்குள் அள்ளிவிடுவார்கள், அதனால் யார் கண்ணிலும் படாது. நான் நான்கரை மணிக்குப் போய் நின்றேன். இஸ்திரி வண்டியின் தகரத்தின் மேல் ஒன்று கிடந்தது. உள்ளங்கை நிறைய இருந்தது. கிண்ணம் மாதிரி அடி குவிந்து, விளிம்பு மடிப்பு மடிப்பாக விரிந்திருக்கும். நிறம் ஆட்டு ஈரல் நிறம், அவ்வளவு கருஞ்சிவப்பு. வெளிப்பக்கம் மட்டும் மஞ்சள் நரம்பு ஓடுகிறது. தொட்டால் தோல் மாதிரி தடிப்பு. வாசனை என்று சொல்ல முடியாது, புளித்த வாடை. சாய்த்தபோது உள்ளேயிருந்து தேன் வழிந்து மணிக்கட்டு வரை வந்தது. ஒரு பூவுக்குள் அத்தனை தேன் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

மறுநாள் இரவு எட்டரை மணிக்கு மாடியிலிருந்து பார்த்தேன். பழந்தின்னி வௌவால்கள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் நேராகப் பூவுக்கு வந்து, ஒரு நொடி அதைப் பற்றிக்கொண்டு முகத்தை உள்ளே விட்டுவிட்டுப் பறந்துவிடும். பூங்கொத்து ஊஞ்சல் மாதிரி ஆடும். பூக்கள் ஏன் அப்படிக் கிளையை விட்டுக் கீழே தள்ளித் தொங்குகின்றன என்பது அப்போதுதான் பிடிபட்டது. இலையிலும் கிளையிலும் சிறகு இடிக்காமல் வௌவால் வந்துபோக வேண்டும். பக்கத்துத் தெருவில் மரமல்லி இருக்கிறது. அதுவும் ராத்திரியில்தான் பூக்கும். வெள்ளையாக, மணமாக, நீளக் குழலோடு இருக்கும். அது அந்துப்பூச்சிக்கு. இது வௌவாலுக்கு.

இதற்குள் கன்னிமாரா நூலகத்துக்கும் இரண்டு நடை போய்வந்துவிட்டேன். அங்கே மரங்களைப் பற்றிய புத்தகத்தில் இருந்த படமும் என் கையிலிருந்த பூவும் ஒத்துப்போயின. கடைசியாக, ஒரு கல்லூரியில் தாவரவியல் பாடம் எடுக்கும் பேராசிரியை ஒருவரிடம் இலை, பூ, அறுத்த காய் மூன்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போனேன். அவர் பூவைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். கிஜீலியா ஆப்பிரிகானா. ஆங்கிலத்தில் சாஸேஜ் மரம்.

ஆப்பிரிக்க மரம். மொசாம்பிக் பக்கத்து மக்கள் அதைக் "கிகேலி கேயா" என்கிறார்களாம். அந்தப் பேச்சுப் பெயரைத்தான் அறிவியல் பெயராக எடுத்துக்கொண்டார்கள். கிஜீலியா என்கிற பேரினத்தில் இருப்பதே இந்த ஒரு இனம்தான். அங்கே காட்டில் விழும் காயை யானையும் நீர்யானையும் குரங்கும் தின்று விதையைப் பரப்புகின்றன. கென்யாவில் கிக்குயு மக்கள் ஒரு வகை மதுவைப் புளிக்கவைக்க இந்தக் காயைப் பயன்படுத்துகிறார்கள். போட்ஸ்வானாவின் ஒகவாங்கோவில் அடிமரத்தைக் குடைந்து படகு செய்கிறார்கள். நம் ஊருக்கு அழகுக்காகக் கொண்டுவந்து தோட்டங்களில் நட்டிருக்கிறார்கள். சென்னையில் வேளாண்-தோட்டக்கலைச் சங்கம் தொடங்கியதே 1835-ல். அன்று முதல் எத்தனையோ வெளிநாட்டு மரங்கள் இந்த ஊர் மண்ணில் இறங்கியிருக்கின்றன.

பேராசிரியை இன்னொன்றும் சொன்னார். மரமல்லி, இளஞ்சிவப்பாகப் பூத்து இப்போது எல்லாரும் படம் எடுத்துப் போடுகிற வசந்த ராணி, நம்முடைய பாதிரி, எல்லாம் இந்த மரத்தின் உறவுக்காரர்கள், ஒரே குடும்பம். பாதிரி என்றதும் எனக்குத் திருப்பாதிரிப்புலியூர்தான் ஞாபகம் வந்தது. என் அம்மாவின் ஊர் கடலூர். அந்தக் கோயிலின் தலமரம் பாதிரி, ஊருக்கே அந்தப் பெயர்தான். அங்கே பாதிரிப் பூவைக் கையில் வைத்துப் பார்த்தவன் நான். திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து, பையிலிருந்த பூவை எடுத்து மறுபடி பார்த்தேன். நிறத்தை விட்டுவிட்டால் அதே குழல், அதே மடிந்த இதழ்.

சரி, காயைத் துண்டில் சுற்றிக் கொண்டுபோனவர்? பச்சைக் காய் ஆகாது, வாந்தியும் கடுமையான பேதியும் வரும் என்று பேராசிரியை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அன்று சாயங்காலமே அந்தப் பக்கத்துத் தெருக்காரர் வீட்டுக்குப் போனேன். மொட்டைமாடியில் வில்லை வில்லையாக நறுக்கி வற்றல் மாதிரி காயப்போட்டிருந்தார். வடக்கே இதை உலர்த்தி நாட்டு மருந்துக் கடைகளில் விற்பது உண்மைதான், அவர் கேள்விப்பட்டது பொய் இல்லை. ஆனால் எவ்வளவு, எப்படி, யாருக்கு என்று தெரியாமல் ஒரு கை அள்ளிப் போட்டுக் கொதிக்கவைத்துக் குடிக்கிற விஷயமா இது? அவருக்குச் சர்க்கரையும் இருக்கிறது. "டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்புறம் பாருங்க அண்ணாச்சி" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அவர் மனைவி எல்லாவற்றையும் முறத்தில் வாரிக் குப்பையில் கொட்டிவிட்டார்.

இனி வெட்டுகிற பேச்சுக்கு வருகிறேன். பெயர் தெரிந்த பிறகும் அது நிற்கவில்லை. "வெளிநாட்டு மரம்தானே, போனால் போகட்டும்" என்று அடுக்குமாடியில் சிலர் சொல்கிறார்கள். நம் குழம்புக்கும் ரசத்துக்கும் கரைக்கிற புளியே ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம்தான். கோடையில் நகரத்தைச் சிவப்பாக்குகிற மயில்கொன்றை மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. தூங்குமூஞ்சி அமெரிக்கக் கண்டத்து மரம். சிவன் கோயில்களில் பூவுக்குள் லிங்கமும் படமெடுத்த நாகமும் இருக்கிறது என்று கும்பிடுகிறோமே நாகலிங்கம், அதுவும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். இவையெல்லாம் நம் வாயில் ஒரு பெயர் வாங்கிக்கொண்டு நம்மோடு தங்கிவிட்டன. எங்கள் தெரு மரத்துக்கு அந்தப் பெயர் வாய்க்கவில்லை, அது ஒன்றுதான் குறை.

சீமைக் கருவேலத்தை இதோடு சேர்த்துப் பேசுகிறவர்களும் உண்டு. அது ஏரி, கண்மாய் எல்லாவற்றையும் தானாகவே பிடித்துக்கொள்கிற மரம். இந்த மரத்தடியில் நாற்பது வருஷத்தில் தானாக முளைத்த ஒரு கன்றைக்கூட நான் பார்த்ததில்லை. உடைத்துத் தின்ன இங்கே யானை ஏது? காய் விழுந்த இடத்திலேயே கிடந்து மட்கும்.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வார்தா புயல் அடித்தபோது எங்கள் தெருவில் இரண்டு மயில்கொன்றையும் ஒரு பெருங்கொன்றையும் வேரோடு சாய்ந்தன. நான் அப்போது பணியில் இருந்தேன். பத்து நாள் கேபிளை இழுத்துக் கட்டுவதே வேலையாக இருந்தது. இந்த மரத்துக்குப் போனது சில சிறு கிளைகள்தான். அன்றைக்கு அது நின்றதால்தான் பங்களாவின் சுற்றுச்சுவரும் தப்பித்தது.

காய் விழுவதில் ஆபத்து இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. நாலரைக் கிலோ தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், உயரத்தில் வேலை பார்த்தவன் நான். கீழே நிற்பவர் மேல் ஸ்பேனர் ஒன்று நழுவி விழுந்தாலே என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்கு வழி இருக்கிறது. நடைபாதைக்கும் சாலைக்கும் நேர் மேலே தொங்குகிற காய்களை, முற்றிக் கனக்கும் முன்பே, வருஷத்துக்கு இரண்டு தடவை ஏணி வைத்து அறுத்து இறக்கிவிடலாம். இரண்டு ஆள், அரை நாள் வேலை. சுவர்ப்பக்கம் தொங்குவதை விட்டுவிடலாம், அங்கே யாரும் நிற்பதில்லை. மரத்தடியில் வண்டி நிறுத்தாமல் இருக்கத் தரையில் ஒரு மஞ்சள் கோடு போதும். இஸ்திரி வண்டியை நாங்களே ஐந்தடி தள்ளி, காய் இல்லாத கிளையின் கீழ் மாற்றி வைத்துவிட்டோம். ஆட்டோவின் ரெக்ஸினுக்குத் தெருவில் வசூல் செய்து கொடுத்தாயிற்று.

வெட்டச் சொல்லி மனு கொடுக்கப் போவதாகப் பேசிக்கொள்கிறார்கள். பொது இடத்து மரத்தை வெட்டுவதற்கு மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். மனு போனால், அதைப் பார்ப்பவர் மேசையில் இந்த மரம் "பெயர் தெரியாத மரம் ஒன்று, காய் விழுந்து சேதம்" என்று போகக் கூடாது. அந்தப் பயம்தான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

ஆகவே உங்கள் நாளிதழ் வழியாகச் சம்பந்தப்பட்டவர்களை நான் கேட்பது இது. இந்த ஒரு மரத்துக்கு மட்டும் இல்லை, தெருவில் நிற்கிற ஒவ்வொரு மரத்துக்கும் தமிழில் ஒரு பெயர்ப்பலகை வையுங்கள். பூங்காக்களில் சில இடங்களில் வைத்திருக்கிறார்கள், அது போதாது. பூங்காவுக்குப் போகிறவர் கொஞ்சம் பேர், தெருவில் நடக்கிறவர் எல்லாரும். பலகையில் பெயர், எந்த நாடு, எப்போது பூக்கும், காய் தின்னலாமா கூடாதா, இவ்வளவு இருந்தால் போதும். அறிவியல் பெயர் கீழே சின்ன எழுத்தில் இருக்கட்டும். ஆணி மட்டும் அடிக்க வேண்டாம். எங்கள் மரத்தில் டியூஷன் சென்டர் பலகைக்கும் வீடு வாடகை பலகைக்கும் அடித்த ஆணிகள் பதினொன்றைக் கட்டிங் பிளேயரால் நானே பிடுங்கினேன். ஒன்றை எடுத்த இடத்தில் பட்டைக்கு உள்ளே விரல் அளவுக்குக் கறுத்துப் போயிருந்தது. பலகையைக் கம்பி வைத்துத் தரையில் நடலாம், இல்லாவிட்டால் மரம் பருக்கப் பருக்கத் தளர்த்திவிடக்கூடிய கயிற்றில் கட்டலாம்.

எங்கள் மரத்துக்கு இப்போதைக்கு ஒரு அட்டையில் பேத்தி எழுதித் தொங்கவிட்டிருக்கிறாள். "சாஸேஜ் மரம். ஊர் ஆப்பிரிக்கா. காயைத் தின்னக் கூடாது. அடியில் வண்டி நிறுத்த வேண்டாம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் வந்தால் வௌவால் பார்க்கலாம்." மழை வந்தால் அட்டை தாங்காது என்று பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறோம். போன வாரம் இரண்டு நாள், இருட்டிய பிறகு, பிள்ளைகள் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து நின்று பார்த்தார்கள்.

இன்னும் ஒரே ஒரு விஷயம் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. இதை நட்டது யார்? பங்களாக்காரர்கள் விற்றுவிட்டு எங்கேயோ போய்விட்டார்கள். அங்கே தோட்ட வேலை பார்த்தவரோ, சமையல் செய்தவரோ, பால் ஊற்றியவரோ, அவர்களுடைய பிள்ளைகளோ இந்த நாளிதழைப் படிக்கக்கூடும். வாசல் தூண் இரண்டிலும் சிமெண்டில் செய்த அன்னப்பறவை இருந்த வீடு அது. கேட்டுக்குள் நுழைந்ததும் இடதுபக்கம் கிணறு, கிணற்றுக்குப் பின்னால்தான் இந்த மரம். ஞாபகம் இருப்பவர்கள் அதை எழுதி உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினால், வெளியிட்டு உதவ வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பெயர்ப்பலகையில் ஒரு வரிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொலைபேசி லைன்மேன்,
அயனாவரம், சென்னை – 23.